ஈறில் இரத்தம் கசிகிறது: வேர் வரை சுத்தம் செய்தால் பற்கள் ஆடத் தொடங்கிவிடுமா?

கேள்வி: அந்திவானம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. வலி சிறிதும் இல்லாததால், நான் அழுத்தித் துலக்குவதுதான் காரணமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு மென்மையான தூரிகைக்கு மாறினேன். அப்படியும் இரத்தம் வந்த இடங்களைப் புண்படுத்த வேண்டாம் என்று எண்ணி, அவற்றைத் தொடாமல் மற்ற இடங்களை மட்டும் துலக்கிவந்தேன்.

சென்ற மாதம் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லை ஒட்டி ஈறு வீங்கிச் சீழ் வந்தபோதுதான் பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் நுனியில் அளவுக்கோடுகள் கொண்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறுக்குள் மெதுவாக இறக்கி, எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டார். முன்பற்களில் பெரும்பாலும் 3 மில்லிமீட்டரும், கடைவாய்ப் பற்களில் பல இடங்களில் 5 அல்லது 6 மில்லிமீட்டரும் இருந்தன. அந்தப் பற்களைச் சுற்றித் தாடை எலும்பு கரைந்து இறங்கியிருப்பதை எக்ஸ்ரேயில் காட்டி, இது வெறும் ஈறு வீக்க நிலையைத் தாண்டிப் பெரியோடான்டைட்டிஸ் ஆகிவிட்டது என்றும், மரப்பு ஊசி போட்டு வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும் என்றும் கூறினார்.

எனக்குத் தயக்கம் உண்டாகக் காரணம் என் அம்மா. பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் பல்லில் இறுகிய படிவைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்துகொண்டார். “கெட்டியாக இருந்த பல்லை நாமே போய்க் கிளறிவிட்டது போல ஆயிற்று, அதற்குப் பிறகுதான் ஆடவே தொடங்கியது” என்று இன்றும் வருந்துகிறார். அவர் இல்லாததைச் சொல்பவர் அல்லர். அதனால் கேட்கிறேன்: இந்தச் சிகிச்சையால் பற்கள் தளர்ந்துவிடுமா? ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் மவுத்வாஷும் கொண்டு இதைச் சமாளிக்க முடியாதா? கரைந்த எலும்பு திரும்ப வளருமா? இரத்தம் வரும் இடத்தில் துலக்குவது சரியா, தவறா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஈறுநல மருத்துவர்

வணக்கம். ஈறு நோய்ச் சிகிச்சையே என் அன்றாடப் பணி. தங்கள் தாயார் கண்டது உண்மை. அவர் சொல்லும் காரணம்தான் வேறு. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்த ஒரு நம்பிக்கையால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பற்களை இழந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பல்லைத் தாடையில் பிடித்து வைத்திருப்பவை, வேரைச் சுற்றியுள்ள எலும்பும் அதனோடு வேரைப் பிணைக்கும் நுண்ணிய நார்களுமே. நோய் முற்றும்போது இவை இரண்டும் மெல்ல அழிகின்றன. அதே காலத்தில் பல்லில் கல்போல் இறுகும் படிவான காரையும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பக்கத்துப் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்த சிமெண்ட் போல இறுகிவிடுகிறது. பற்றுக்கோட்டை இழந்த பல் அந்தக் காரையின் பிடியில் நிற்பதால், வாய்க்குச் சொந்தக்காரருக்கு அது கெட்டியாக இருப்பதாகவே தோன்றும். காரையை அகற்றியதும், பல ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டுவிட்ட தளர்ச்சி வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறும் வற்றிச் சுருங்குவதால் பல் நீண்டது போலவும், இடையில் சந்து விழுந்தது போலவும் தோன்றும். காரை அங்கேயே இருந்திருந்தால் பற்கள் இன்னும் சில காலம் அசையாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதன் அடியில் எலும்பு தொடர்ந்து கரைந்துகொண்டிருக்கும். முறையாகச் சுத்தம் செய்த பின் முதல் சில நாள்கள் இலேசான அசைவு தெரிவதும், வீக்கம் தணிந்து நார்கள் இறுகியதும் அது குறைந்துவிடுவதும் வழக்கம்.

இனி, இரத்தம் வருவதைப் பற்றி. தாங்கள் இரத்தம் வந்த இடங்களைத் தொடாமல் விட்டது இயல்பான எண்ணம்தான். கையில் புண் இருந்தால் அதைத் தேய்க்க மாட்டோம் அல்லவா? ஆனால் ஈறில் கணக்கு தலைகீழானது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒட்டும் படலமாகப் படிகின்றன. அதை எதிர்க்க உடல் அங்கே இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, ஈறின் உட்புறத் தோல் மெலிந்து நைந்துவிடுகிறது, அதனால் தொட்டாலே கசிகிறது. அந்த இடத்தைத் துலக்காமல் விட்டால் படலம் தடிக்கிறது, கசிவு கூடுகிறது, கூடுவதைக் கண்டு மேலும் ஒதுக்குகிறோம்.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1965இல் வெளிவந்தது. டென்மார்க்கில் ஹரால்ட் லோய் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும், நல்ல ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீக்கம் வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. மருந்து எதுவும் தரப்படவில்லை. படலத்தை அகற்றியதே மருந்தாயிற்று. ஆகவே இரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையான தூரிகையால், பொறுமையாக, ஒரு நாளும் தவறாமல் துலக்க வேண்டும். அவ்வாறு இரண்டு வாரம் துலக்கியும் கசிவு நிற்கவில்லை என்றால், தூரிகைக்கு எட்டாத ஆழத்தில் காரை இருக்கிறது என்று கொள்ளலாம். துலக்காதபோதும் தானாகவே இரத்தம் வந்து நிற்காமல் போனாலோ, உடலில் காரணமின்றிக் கன்றிய தடங்கள் தோன்றினாலோ, அது ஈறின் சிக்கலாக மட்டும் இருக்காது. இரத்தப் பரிசோதனை உடனே தேவை.

தங்களுக்கு நேர்ந்திருப்பது அந்த எட்டாத ஆழம்தான். அளவுக்கம்பி இறங்கும், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான இடைவெளி நல்ல ஈறில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது ஆழமானால் பை என்கிறோம். சரியாகச் சாய்த்துப் பிடித்த தூரிகையின் இழைகள் ஈறுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே நுழையும். 5, 6 மில்லிமீட்டர் ஆழப் பையின் அடியில் வேரோடு ஒட்டிக் கறுத்து இறுகிய காரையைத் தூரிகையோ மவுத்வாஷோ தொடவே முடியாது. ஆன்டிபயாட்டிக்கும் தனியாகப் பயன் தராது. படலத்துக்குள் வாழும் பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி ஒட்டும் பொருளால் அரண் அமைத்துக்கொண்டிருப்பதால் மருந்து முழு வீரியத்தோடு உள்ளே சென்று சேர்வதில்லை. மேற்பரப்பில் சிலவற்றைக் கொன்றாலும் காரை அங்கேயே இருப்பதால் சில வாரங்களில் எல்லாம் திரும்பிவிடும். முகம் வீங்கிக் காய்ச்சலோடு வரும் சீழ்க்கட்டிக்கும், வேகமாகப் பரவும் சில கடுமையான வகைகளுக்கும் மருத்துவர் மாத்திரை தரலாம். அப்போதும் அது சுத்தம் செய்வதற்குத் துணையே தவிர மாற்று ஆகாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பயன்படும் துணைதான். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாவின் சுவையும் மாறும். பற்பசையில் நுரை தரும் பொருள் அதன் வேலையைக் கெடுப்பதால், துலக்கி அரை மணி நேரம் கழித்தே அதைக் கொண்டு கொப்பளிக்க வேண்டும்.

எலும்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஈறு வீக்கம் முழுமையாகக் குணமாகும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. சிகிச்சையின் நோக்கம் இழப்பை இன்றிருக்கும் இடத்தில் நிறுத்துவதே. வேரை நோக்கி ஆழமாகக் குடைந்தது போன்ற சில குழிகளில் மட்டும் எலும்புத் துகளும் சவ்வும் வைத்து ஓரளவு மீட்க முடியும். ஆனால் நிறுத்துவது என்பது சிறிய செய்தி அன்று. எலும்பில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பற்கள், நன்கு பராமரிக்கப்பட்டால், பல பத்தாண்டுகள் உழைப்பதை நான் கண்டுவருகிறேன். தங்களுக்கு உள்ள ஆழத்தில், முறையாகச் செய்த சுத்திகரிப்புக்குப் பின் சராசரியாக 1 முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை பை ஆழம் குறைவதை எதிர்பார்க்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் அளந்து பார்த்து, ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டும் அடுத்த கட்டத்தை முடிவு செய்வார்கள்.

மறுமொழி: நடைப்பயணி

நான் மருத்துவன் அல்லன்; ஆறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் நிலையிலேயே இருந்தவன். மருத்துவர் சொன்னதோடு, நாற்காலியில் அமர்ந்தவனாக எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சிகிச்சை நாளில் மரப்பு ஊசியின் குத்தலைத் தவிர வலி இல்லை. வேரைச் சுரண்டும் ஓசைதான் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் முறை அது அச்சமாக இருந்தது. அன்று மாலை ஈறு நொந்தது, சாதாரண வலி மாத்திரை போதுமானதாக இருந்தது. பிறகு வந்த பல் கூச்சம்தான் என்னைப் படுத்தியது. வேரின் மேற்பகுதி வெளியே தெரிவதால் குளிர்ந்த நீர் பட்டாலே சுரீரென்றது. கூச்சத்துக்கான பற்பசையைத் துலக்கிய பின் அந்த இடங்களில் விரலால் தடவி, வாயைக் கொப்பளிக்காமல் துப்ப மட்டும் செய்யுமாறு சொன்னார்கள். ஐந்தாறு வாரத்தில் அது தணிந்தது. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், சிகிச்சை தவறாகிவிட்டதோ என்று நான் இரண்டு இரவு தூங்கவில்லை. அதனால்தான் தங்களுக்கு இதை விரிவாக எழுதுகிறேன்.

என் ஈறுகளை உண்மையில் மாற்றியது பல்லிடுக்குத் தூரிகை. குப்பி கழுவும் தூரிகையின் மிகச் சிறிய வடிவம் போல, நடுவே மெல்லிய கம்பியும் சுற்றிலும் இழைகளும் கொண்டது. வழக்கமான தூரிகை பல்லின் முன்புறத்தையும் பின்புறத்தையும் மேற்புறத்தையும் துலக்கும். இரண்டு பற்கள் ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்களை அது தொடுவதில்லை, ஈறு நோயோ பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பற்கள் நெருக்கமாக இருக்கும் முன்வரிசைக்கு ஃபிளாஸ் நூல் போதும். எலும்பு இறங்கிச் சந்து விழுந்த கடைவாய்க்கு இந்தத் தூரிகையே ஏற்றது. எனக்கு மூன்று அளவுகள் தேவைப்பட்டன. இழைகள் இருபக்கமும் உரசியபடி நுழைய வேண்டும், ஆனால் கம்பி பல்லில் இடிக்கக் கூடாது. வலிந்து திணித்தால் அளவு பெரிது என்று பொருள். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் தூரிகை சிவந்துதான் வெளியே வந்தது. பன்னிரண்டாம் நாள் முதன்முறையாக வெள்ளையாக வந்தது, அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

என் தவறையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் எல்லாம் நன்றாகப் போனதும், இனி எதற்கு என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை செல்லும் பராமரிப்பை நிறுத்தினேன். பதினான்கு மாதம் கழித்துச் சென்றபோது இரண்டு பைகள் மீண்டும் 6 மில்லிமீட்டராகியிருந்தன. ஒன்று மறுபடி சுத்தம் செய்ததில் அடங்கியது. மற்றொன்றுக்கு ஈறை விலக்கித் திறந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. வலியே இல்லாமல் அது அந்த அளவுக்குப் போயிருந்தது. வலி வரட்டும், பிறகு போவோம் என்று காத்திருக்காதீர்கள்.

மறுமொழி: முத்துச்சிப்பி

நான் பதினோரு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்கிறேன். தங்களுக்கு நீரிழிவு உண்டா என்று குறிப்பிடவில்லை. 43 வயதில் இவ்வளவு ஆழப் பைகள் என்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையை ஒரு முறை செய்துகொள்வது நல்லது என்று என் அனுபவத்தில் கருதுகிறேன். எனக்கு நீரிழிவு இருப்பதே ஈறில் அடுத்தடுத்துச் சீழ்க்கட்டி வந்ததன் பின் எடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது.

சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் ஈறு ஆறுவதில்லை; ஈறில் அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவாளர்களின் எச்பிஏ1சி மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைந்ததாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கூறுகிறது. எண் சிறியதாகத் தோன்றலாம். மருந்தைக் கூட்டாமல் அந்த அளவு குறைவது எவ்வளவு அரிது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று: தாங்கள் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர்கள், சுத்தம் செய்யப் போகிறோம் என்று தாமாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. அது பல்லை விடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

மறுமொழி: மாலைக்காற்று

இடையில் ஒரு கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருபது ஆண்டுகளாகப் புகைப்பவன். எனக்கு ஒரு நாளும் ஈறில் இரத்தம் வந்ததில்லை. அப்படியானால் என் ஈறு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

மறுமொழி: ஈறுநல மருத்துவர்

மாலைக்காற்று அவர்களுக்கு: தயவுசெய்து அவ்வாறு கொள்ள வேண்டாம். புகையிலை ஈறின் இரத்த ஓட்டத்தையும் அழற்சிக் குறிகளையும் அடக்கிவிடுகிறது. அதனால் மற்றவர்களை எச்சரிக்கும் அந்தக் கசிவு புகைப்பவருக்குத் தெரிவதில்லை. உள்ளே எலும்பு அவர்களுக்குத்தான் வேகமாகக் கரைகிறது. வெளிறிய, தடித்த, பார்வைக்கு உறுதியான ஈறுக்குள் 8 மில்லிமீட்டர் பை இருப்பதை நான் பலமுறை அளந்திருக்கிறேன். 2018இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு, நாளொன்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேல் சிகரெட் புகைப்பவரின் ஈறு நோயை, வேகமாக முற்றக்கூடிய தரத்தில் வைக்கிறது. எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் உள்ள நீரிழிவாளருக்கும் அதே தரம்தான். புகைப்பவருக்குச் சிகிச்சையின் பலனும் குறைவாகவே கிடைக்கிறது. தங்கள் ஈறின் நிலையை அளவுக்கம்பியும் எக்ஸ்ரேயும்தான் சொல்ல முடியும், அதை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் ஈறில் இரத்தம் வரத் தொடங்கினால் அஞ்ச வேண்டாம். அடக்கப்பட்டிருந்த குறி வெளியே வருகிறது, அவ்வளவே.

அந்திவானம் அவர்களுக்கு: துலக்கும் முறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இழைகளைப் பல்லின் மீது நேராக வைக்காமல், ஈறும் பல்லும் சேரும் கோட்டை நோக்கி 45 பாகை சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பற்களின் அகலத்துக்குள் சிறு அதிர்வாக அசைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். காலையும் இரவும் இரண்டு நிமிடம். இதை வகுத்துத் தந்த சார்ல்ஸ் பாஸ் பல் மருத்துவர் அல்லர், பொது மருத்துவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அழுத்தம் தேவையில்லை, அழுத்தினால் ஈறு இறங்கும், பல்லின் கழுத்தும் தேயும். எல்லோரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு: கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறம். வாயை முழுதும் திறந்தால் கன்னம் இறுகித் தூரிகை அங்கே நுழையாது. பாதி மூடிக்கொண்டு துலக்கிப் பாருங்கள்.

மறுமொழி: அந்திவானம்

அனைவருக்கும் நன்றி. சிகிச்சை முடிந்து எட்டு வாரம் ஆகிறது, நேற்று மீண்டும் அளந்தார்கள். பெரும்பாலான இடங்கள் 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டன. மேல்வரிசை வலப்புறக் கடைசிப் பல்லின் பின்னால் ஓரிடம் மட்டும் 6 மில்லிமீட்டரிலேயே நிற்கிறது. மருத்துவர் குறிப்பிட்ட அதே மறந்த இடம். அதை இன்னொரு முறை சுத்தம் செய்துவிட்டு, மூன்று மாதத்தில் பார்த்து, குறையாவிட்டால் திறந்து செய்யலாம் என்றார்கள். எச்பிஏ1சி 5.6, நீரிழிவு இல்லை.

நடைப்பயணி எழுதியிருந்ததால் கூச்சம் வந்தபோது நான் கலங்கவில்லை. கீழ் முன்பற்களுக்கு இடையே சந்து தெரிகிறது, நாக்கு அடிக்கடி அங்கே போகிறது. பழகிவிடும் என்று நினைக்கிறேன். பல்லிடுக்குத் தூரிகை எனக்குப் பதினாறாம் நாள் வெள்ளையாக வந்தது.

அம்மாவிடம் காரையைப் பற்றிய விளக்கத்தை முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் அது முன்பே ஆடிக்கொண்டுதான் இருந்ததா?” என்று கேட்டார். மீதமிருக்கும் பற்களை அளந்து பார்க்க அடுத்த வாரம் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.